உருமாறும் காதலன், கைவிடப்பட்ட குழந்தை: பழனிமலையிலிருந்து வள்ளி கதையை வாசித்தல்

கடந்த இருபது ஆண்டுகளில் ஆங்கில வெகுஜன நாவல்களில் ஒரு கதைவகை தழைத்து வளர்ந்திருக்கிறது. நாயகன் மனிதன்தான், ஆனால் நினைத்த நேரத்தில் ஓநாயாகவோ சிறுத்தையாகவோ கரடியாகவோ உருமாறுவான். நாயகியோ நாயகனோ, பெரும்பாலும் இருவருமே, பிள்ளைப் பருவத்தில் ஆறாத காயம் பட்டவர்கள். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர் நளினி சிங் 2006இல் தொடங்கிய நாவல் வரிசை இதற்கு நல்ல உதாரணம். அதன் முதல் நூலில் வரும் சாஷா, உணர்ச்சியே கூடாது என்று குழந்தைகளைப் பழக்கும் ஒரு கூட்டத்தில் வளர்ந்தவள். அவளை விரும்பும் லூக்கஸ் சிறுத்தையாக மாறுபவன். சிறுவயதில் பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்தவன். இப்படிப்பட்ட இருவரையும் காதல் குணப்படுத்தும் என்பதுதான் இவ்வகை நாவல்கள் வாசகருக்குத் தரும் வாக்கு.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதல்ல. கைவிடப்பட்ட பெண் குழந்தை, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறிய ஆண்பிள்ளை, வேடனாகவும் மரமாகவும் கிழவனாகவும் மாறி வந்து நடக்கும் காதல் ஆகிய மூன்றும் நம்மிடம் முருகன், வள்ளி கதைகளாக இருக்கின்றன. பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டதால், அவற்றுக்குள் இரண்டு பிள்ளைப் பருவங்களின் துயரம் இருப்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

அந்தத் துயரத்தை யோசிக்கப் பழனிமலைத் தொடர் பொருத்தமான இடம். தொடரின் வடக்கு அடிவாரத்தில், கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையின் பழனி. மேலே கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும், மேலைநாட்டில் பிறந்து சைவத்தைத் தழுவியவருமான லீலாவதி அம்மையார் 1936இல் அதைக் கட்டினார். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். சுற்றியுள்ள மலைகளில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030இல். சங்க இலக்கணத்தில் குறிஞ்சி என்றாலே கூடல், காதலின் நிலம். கோபத்தின் ஊரும் காதலின் நிலமும் ஒரே மலைத்தொடரில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. கோபித்த பிள்ளை எப்படிக் காதலன் ஆனான்? அந்தக் காதல் எதைக் குணப்படுத்தியது?

கிழங்குக் குழியும் பொய்கையும்

வள்ளி கதையின் முழு வடிவம் காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் கிடைக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தப் பெருநூல் வள்ளியம்மை திருமணப் படலத்தோடு முடிகிறது. கதை அதைவிட மிகப் பழையது. நற்றிணையின் 82ஆம் பாட்டில் அம்மூவனார், தலைவனோடு செல்லும் பெண்ணுக்கு முருகனோடு சென்ற வள்ளியை உவமையாக்குகிறார். விளக்கம் சொல்லாமல் உவமையாக்க முடிந்திருக்கிறது என்றால், அன்றே அது எல்லோரும் அறிந்த கதை. பரிபாடலின் 9ஆம் பாட்டில் வள்ளிக்கும் தேவசேனைக்கும் இடையிலான பூசல் விரிவாக வருகிறது. தமிழாய்வாளர் கமில் சுவலபில் 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் வள்ளி கதையைத் திராவிடத் தொன்மம் என்றே அழைத்தார்.

புராணம் சொல்லும் பிறப்புக் கதை கொடூரமானது. தவத்தில் இருந்த சிவமுனிவரின் பார்வை ஒரு பொன்மானின் மேல் விழுகிறது, மான் கருவுறுகிறது. வேடர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் அது ஒரு பெண் குழந்தையை ஈனுகிறது. ஈன்ற குழந்தை தன் இனமில்லை என்று கண்டதும் மருண்டு ஓடிவிடுகிறது. தந்தை தவத்துக்குத் திரும்பிவிட்டார். தாய் காட்டுக்குள் மறைந்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டு வந்த வேடர் தலைவன் நம்பி, ஆண் மக்களை மட்டும் பெற்றுப் பெண் குழந்தைக்காக ஏங்கியிருந்தவன். குழந்தையை எடுத்து மனைவியின் கையில் கொடுக்கிறான். குழியின் பெயரே குழந்தையின் பெயராகிறது. கைவிடப்பட்ட இடத்தை மறைக்காமல் அதையே பெயராக வைத்து, ஊரறிய வளர்த்தார்கள் அந்த வேடர்கள்.

முருகன் பிறந்த கதையிலும் பெற்றவர் உடன் இல்லை. நெற்றிக்கண்ணிலிருந்து வந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்க்கிறார்கள். பிறகு பார்வதி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறு உடல்கள் ஓருடலாகின்றன. பின்னாளில் எத்தனையோ உருவம் எடுக்கப் போகிறவனின் முதல் உருமாற்றம் தாயின் அணைப்புக்குள் நடக்கிறது. அந்தத் தாய் வருவதற்கு முன் அவனை வளர்த்தவர்கள் வேறு பெண்கள்.

ஆகவே இது பெற்றவரைவிட வளர்த்தவரை அதிகம் அறிந்த இருவரின் கதை. வள்ளி கதையின் களம் வேலூர் மாவட்டத்து வள்ளிமலை என்பது மரபு. அதைப் பழனிக்கு அருகில் வைத்து வாசிக்க எனக்கிருக்கும் நியாயம் இந்த ஒற்றுமைதான்.

கோபம் குடியேறிய குன்று

பழனியின் பழைய பெயர் பொதினி. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் அதை முருகனோடும் ஆவியர் குடியோடும் சேர்த்துச் சொல்கிறார். மாம்பழக் கதை இந்தத் தலத்தின் புராண மரபில் வளர்ந்தது. உலகைச் சுற்றி வந்தால் பழம் என்றார்கள். மயிலேறிச் சுற்றி வந்தான். அதற்குள் அண்ணன் பெற்றோரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றுவிட்டான். போட்டியின் பொருள் தனக்குத் தெரியாமல் மாறிவிட்டது என்பதுதான் அந்தப் பிள்ளையின் குறை. ஆடை அணிகலன்களைக் களைந்து, கோவணமும் தண்டுமாய்க் குன்றில் வந்து நின்றான்.

பெற்றோர் சமாதானம் சொல்ல வந்தும் அவன் இறங்கவில்லை. 1965இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து அந்தக் கோபத்தின் முன் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். தமிழ்நாட்டில் அந்தக் காட்சியை அறியாத வீடு குறைவு. வளர்ந்தவர்கள் செய்த அநீதிக்குக் குழந்தை கொடுக்கும் விலை அதில் இருப்பதால், பக்தி இல்லாதவரையும் அது தொடுகிறது.

அதே குன்றில் நடந்த இடும்பன் கதையை அவ்வளவாக யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், பழனி அடிவாரத்து ஆவினன்குடிப் பக்கம் இறக்கி வைத்து இளைப்பாறுகிறான். மீண்டும் தூக்க முடியவில்லை. மேலே பார்த்தால் தண்டோடு ஒரு சிறுவன் நிற்கிறான். மலை என்னுடையது என்கிறான். வாக்குவாதம் சண்டையாகி இடும்பன் மாண்டு விழுகிறான். அவன் மனைவி இடும்பி மன்றாட, சிறுவன் இடும்பனை உயிர்ப்பித்துத் தன் வாயில் காவலனாக்குகிறான். மலைப்படி ஏறும் வழியில் இன்றும் இடும்பன் சன்னதி இருக்கிறது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுப்பவர் ஒவ்வொருவரும், கொல்லப்பட்டு மீண்டவனின் சுமையையே தோளில் ஏந்துகிறார்கள்.

வீடு என்று நினைத்ததை இழந்த பிள்ளை, தனக்கென்று பிடித்துக்கொண்ட ஒரே குன்றையும் யாரோ தூக்கிப்போக வருவதாக நினைக்கிறான். நினைத்த கணத்தில் கொல்கிறான். காயம்பட்ட குழந்தைகளோடு பழகியவர்களுக்கு இந்த அளவுமீறிய எதிர்வினை தெரியும். பிறகு ஒரு பெண் கேட்கிறாள். எடுத்த உயிரைத் திருப்பிக் கொடுக்கிறான். கொல்வது, ஒரு குரலைக் கேட்பது, திருப்பிக் கொடுப்பது என்ற இந்த வரிசை வள்ளி கதையின் முடிவிலும் வரும்.

வேடன், மரம், கிழவன்

ஐரோப்பியக் கதை மரபில் விலங்கு மணமகன் சாபம் பெற்றவன். 1740இல் வில்னேவ் அம்மையார் எழுதிய பிரெஞ்சுக் கதையில் ஒரு பெண்ணின் அன்பு விலங்கை இளவரசனாக மீட்கிறது. மாற வேண்டியவன் ஆண், மாற்ற வேண்டியவள் பெண். இன்றைய ஓநாய் நாவல்கள் பலவற்றிலும் அதன் சாயல் உண்டு. பெண்ணின் பொறுமை ஆணுக்கு மருந்தாகிறது.

தினைப்புனத்தில் நடப்பது வேறு. பரண்மேல் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டும் வள்ளியிடம் முதலில் அவள் இனத்தவனைப் போலவே வேடனாக வருகிறான் முருகன். பேரென்ன, ஊரென்ன, வழியென்ன என்று கேட்கிறான். அதற்குள் நம்பியும் வேடரும் வந்துவிட, வேங்கை மரமாகி நிற்கிறான். நேற்றில்லாத மரம் இன்று எப்படி வந்தது என்று வேடர்கள் வெட்டப் பார்க்கிறார்கள், நம்பி தடுக்கிறான்.

ஏன் வேங்கை? குறிஞ்சிப் பாட்டுகளில் வேங்கை பூப்பது தினை முற்றியதற்கு அடையாளம். தினை அறுத்தால் காவல் முடிந்தது, பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், சந்திப்பு நின்றுவிடும். காதலைப் பிரிக்கும் மரமாக அதைச் சங்கப் புலவர்கள் பாடிய நிலத்தில், காதலன் அந்த மரமாகவே ஆகிறான். இந்த மாற்றத்தில் அவனுக்குப் பேச்சும் இல்லை, ஆயுதமும் இல்லை. வெட்டினால் விழக்கூடியவனாக அவளுடைய அப்பன் முன் நிற்கிறான்.

அடுத்து மறுபடி இளைஞனாக வந்து கேட்கிறான். வேடர் மகளை நீங்கள் விரும்புவது தகாது என்று அவள் மறுக்கிறாள். மீண்டும் நம்பி வர, தலை நரைத்த கிழவனாகிறான். கிழவனுக்குப் பசி, தேனும் தினைமாவும் தருகிறாள். தாகம், சுனைக்கு அழைத்துப் போகிறாள். குழியில் பாலின்றி அழுத குழந்தை வளர்ந்து, இன்னொருவர் பசியாற்றும் இடத்துக்கு வந்துவிட்டாள். கிழவன் வாய்திறந்து ஆசையைச் சொன்னதும், வயதுக்கு ஏற்ற பேச்சா இது என்று கடிந்துவிட்டு நடக்கிறாள்.

இந்த உருவங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சூரபன்மனும் உருமாறுபவன்தான். போர்க்களத்தில் பறவையாகவும் கடலாகவும் இருளாகவும் கடைசியில் மாமரமாகவும் மாறினான். ஒவ்வொரு மாற்றமும் எதிரியைத் திகைக்க வைக்கும் பெரிய உருவம். அவனை வென்ற முருகன் காதலுக்கு வரும்போது எடுப்பவை மறுக்கக்கூடிய உருவங்கள்: வேடனைப் போகச் சொல்லலாம், மரத்தை வெட்டலாம், கிழவனைத் திட்டலாம். வள்ளி மறுக்கவும் செய்கிறாள். சிறுவயதில் யாரும் தன்னைக் கேட்காமல் விட்டுப்போன ஒருத்திக்கு, மாட்டேன் என்று சொல்லி அதனால் தண்டனை எதுவும் வராமல் இருப்பது சிறிய அனுபவமில்லை.

யானை

இந்த ஒழுங்கை உடைப்பது யானை. மூன்று உருவமும் பலிக்காமல் போக, முருகன் அண்ணனை நினைக்கிறான். விநாயகர் மதயானையாக வருகிறார். அலறிய வள்ளி கிழவனையே கட்டிக்கொள்கிறாள். அதன் பிறகே அவன் தன் வடிவம் காட்டுகிறான். பக்தி மரபில் இதற்கு அழகான விளக்கம் உண்டு: அஞ்சிய உயிர் இறைவனிடம் அடைக்கலம் புகுகிறது. மனித உறவின் கதையாக வாசித்தால், அச்சத்தை உண்டாக்கியவனே அடைக்கலமும் தருகிறான். மறுப்பு பலிக்கும் என்று இதுவரை கதை சொன்னதை யானை பொய்யாக்கிவிடுகிறது. உலகெங்கும் உருமாறிகளின் காதல் நாவல்கள் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டும் இதுவே: மிரட்டலும் பாதுகாப்பும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது, பிள்ளைப் பருவத்தில் காயம்பட்டவர் அதை அன்பென்று எடுத்துக்கொள்வார்.

தமிழ் மரபு இந்த இடத்தை ஒரேமாதிரி கையாளவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இதே காட்சி இருக்கிறது. தினைப்புனம் காத்த பெண் மதயானையைக் கண்டு நடுங்குகிறாள். தலைவன் அம்பெய்து அதை விரட்டி, நடுங்குபவளைத் தாங்குகிறான். பிற்கால அகப்பொருள் நூல்கள் இதைக் களிறு தரு புணர்ச்சி என்றன. அங்கே யானை காட்டு யானை. யாரும் ஏவி வரவில்லை. கபிலர் நிஜமான ஆபத்தாக வைத்ததைப் புராணம் திட்டமிட்ட நாடகமாக்கியது. 261 அடி கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலித்தாயிடம் சொல்வதாக அமைந்திருப்பதும் கவனிக்க வேண்டியது. காட்டில் நடந்த காதல், வளர்த்தவளிடம் வந்து கணக்குச் சொல்கிறது.

இன்னொரு திருத்தத்தை நாடக மேடை செய்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். கூட்டம் காத்திருப்பது தர்க்கத்துக்கு. ஸ்திரீபார்ட் வள்ளி நாரதரிடம் வாதாடுவாள். பிறகு வேடனாக வரும் ராஜபார்ட்டிடம் வாதாடுவாள். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. எதிராளி மடக்கப் பார்த்தால் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். வாய் வல்லமை இல்லாதவர் வள்ளி வேஷம் போட முடியாது. புராணத்தில் சுருக்கமாக இருக்கும் மறுப்பை மேடை மணிக்கணக்கில் நீட்டியது. பார்வையாளரில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும் கூட்டத்தின் முன், ஒரு பெண் கடவுளையே பதில் சொல்லத் திணற வைக்கிறாள்.

கொடுமுடியில் வறுமையில் பிறந்து ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இலங்கை மேடையில் வள்ளி திருமணத்தில் நடித்தார். மேடைக் காதல் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. பின் பிரிவு வந்தது. 1933இல் கிட்டப்பா இளம் வயதிலேயே இறந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். வள்ளியாக ஒரு காலத்தில் முருகனோடு தர்க்கம் செய்தவரே பின்னாளில் ஔவையாகப் பழனிப் பிள்ளையின் கோபத்தோடு பேசினார். இந்த இரு கதைகளையும் ஒன்றாகப் பார்க்க எந்த நூலும் சொல்லவில்லை. நம் காதுகள் ஒரே குரலில் இரண்டையும் கேட்டிருக்கின்றன.

மாண்டவர் எழுந்தது

யானையோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. கந்தபுராணம் அதற்கப்பால் போகிறது. தினை அறுத்து வள்ளி சிறுகுடிக்குத் திரும்புகிறாள், மெலிகிறாள். வீட்டார் வெறியாட்டு நடத்துகிறார்கள். பெண்ணின் காதல் நோயை முருகன் பிடித்ததாக எண்ணி வேலனை அழைத்து ஆடவிடுவது சங்கப் பாடல்களில் தோழி எள்ளி நகையாடும் சடங்கு. இங்கே நோய்க்குக் காரணம் உண்மையிலேயே முருகன் என்பது புராணக்காரரின் குறும்பு. அன்புள்ள வீடும் பெண்ணின் மனத்தைத் தவறாகப் படிக்கும் என்பதையும் கதை மறைக்கவில்லை.

நள்ளிரவில் தோழியின் உதவியோடு வள்ளி முருகனுடன் போகிறாள். வேடர் துரத்தி வந்து அம்பு தொடுக்கிறார்கள். சேவல் கூவுகிறது, நம்பியும் மக்களும் மாண்டு விழுகிறார்கள். இடும்பன் விழுந்த அதே விதம். மலையை எடுக்க வந்தவனைக் கொன்ற பிள்ளை, துணையை மீட்க வந்தவர்களையும் கொல்கிறான். இருவரும் கிளம்பிவிட்டார்கள். வழியில் நாரதர் மறித்து, பெற்று வளர்த்த சுற்றத்தைக் கொன்றுவிட்டு மகளைக் கொண்டுபோவது தகுமா என்று கேட்கிறார். முருகன் திரும்புகிறான். எழுப்புவதை அவன் தன் கையால் செய்யவில்லை, வள்ளியிடம் சொல்கிறான். எழுக என்று அவள் சொல்ல, தந்தையும் தமையன்மாரும் உறங்கி எழுந்தவர்போல் எழுகிறார்கள். எங்கள் குலதெய்வமான நீயே இப்படிச் செய்யலாமா என்று முருகனை முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பிறகு சிறுகுடியில் ஊர்கூடித் திருமணம் நடக்கிறது.

கதையின் உச்சம் இதுதான் என்பது என் வாதம். தாய் விட்டு ஓடிய குழந்தை, தன்னை எடுத்தவர்களை விட்டு ஓடும் தருணத்தில் நிறுத்தப்படுகிறாள். உயிர் கொடுக்கும் அதிகாரம் அவள் கைக்கு வருகிறது. கோபத்தில் கொன்று பழகியவன் தன் வேகம் பறித்ததைத் திருப்பித் தருகிறான், குற்றச்சாட்டையும் நின்று கேட்கிறான். பழனியில் இடும்பி கேட்டுக் கொடுத்ததை இங்கே மனைவியாகப் போகிறவளின் வாக்காலேயே கொடுக்கிறான். இருவர் காயத்துக்கும் இது ஒரே மருந்து.

பழனிக்கு இதே அளவுகோலை வைத்த இன்னொரு கதையும் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் இந்த மலைநாட்டுத் தலைவன். பறவையின் நடுக்கத்தைக் கண்டு உருகியவன், மனைவி கண்ணகியைத் தனியே தவிக்கவிட்டான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரை இருக்கின்றன. பரிசில் வாழ்நரான அவர்கள் அவனிடம் வேண்டியது, அவளிடம் திரும்பிப் போவதை. விலங்கிடம் காட்டும் கனிவை வைத்து ஒருவனை அளந்துவிட முடியாது என்று அன்றே புலவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எடுத்து வளர்த்தவர்கள்

உளவியல் இந்த இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் நோய், குடும்பச் சிதைவு எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் திடமான, அன்பான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் முக்கியமானது, சிறுவயதில் நம்பிக்கையோடு பற்றிக்கொள்ள ஒரு பெரியவர். அது பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, அத்தை, அயலார், ஆசிரியர் யாராகவும் இருக்கலாம். இளமையில் தடுமாறியவர்களிலும் பலர் பின்னாளில் நிமிர்ந்தார்கள்; அதற்குக் கைகொடுத்தவற்றில் நல்ல துணையோடு அமைந்த திருமணமும் ஒன்று. ஆக, காதல் நாவல்களின் வாக்கு முழுப்பொய் இல்லை. ஆனால் அது இரண்டாவது கதவு. முதல் கதவு நம்பியின் வீடு.

அந்தக் கதவு இன்று எந்த நிலையில் இருக்கிறது? பழனியும் கொடைக்கானலும் இருப்பது திண்டுக்கல் மாவட்டத்தில். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் விரிவடைந்தபோது, மதுரை, தேனியோடு இந்த மாவட்டமும் சேர்க்கப்பட்டது. ஆண் மக்கள் இருந்தும் பெண்ணுக்கு ஏங்கிய ஒரு வேடனைப் பாடிய மண்ணில், பெண் குழந்தைக்காக அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. எடுத்துக் காப்பதோடும் வேலை முடிவதில்லை. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒருவகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். யானையை ஏவுபவரும் அடைக்கலம் தருபவரும் ஒருவராக இருக்கும் ஆபத்து புராணத்தோடு நின்றுவிடவில்லை.

இதே மலைகளின் பழங்குடிகளான பளியரிடம் மாற்று ஒழுக்கம் ஒன்று இருந்தது. காட்டுக் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், வயது, பால் வேறுபாடின்றி ஒருவரையொருவர் சமமாக மதிப்பதும், பிறர்மீது அதிகாரம் செலுத்தாமல் இருப்பதும் அவர்கள் வாழ்வின் அடிப்படை என்று எழுதினார். பிணக்கு வந்தால் அடிப்பதில்லை, விலகிப் போய்விடுவார்கள். அவர்கள் நிலத்தில் நின்று பார்த்தால், கோபித்துக்கொண்டு மலைக்குப் போவது முதிர்ச்சியான செயலாகவும் தெரியலாம். பழனிப் பிள்ளை செய்த தவறு வெளியேறியதில் இல்லை, இடும்பன்மேல் கை ஓங்கியதில் இருக்கிறது.

பழனியின் வழிபாட்டு ஒழுங்கும் இதைத்தான் சொல்வதாக எனக்குப் படுகிறது. மலைமேல் தண்டாயுதபாணி துணையின்றித் தனியே நிற்கிறார். கீழே ஊரில், தைப்பூசத்தின்போது பெரியநாயகி அம்மன் கோயிலில் முத்துக்குமாரசுவாமிக்கு வள்ளி தெய்வானையோடு திருக்கல்யாணம் நடக்கிறது. திருமணம் ஆகிவிட்டது என்பதற்காக மேலே நிற்பவரின் கோவணத்தை மரபு அழித்து எழுதவில்லை. பட்ட காயம் வரலாறாக அங்கேயே இருக்கும். அதோடு கூடவே ஒருவர் மணம் முடிக்கலாம், ஊர்ச்சோறு உண்ணலாம்.

உருமாறும் காதலர்களின் கதைகள் இனி தமிழிலும் நிறைய எழுதப்படும், எழுதப்பட வேண்டும். அவற்றை மட்டம் என்று ஒதுக்குவதைவிட வள்ளி கதை கற்றுத்தரும் கேள்விகளை அவற்றிடம் கேட்பது பயனுள்ளது. நாயகியால் மறுக்க முடிகிறதா? மறுத்தபின் யானை வருகிறதா? அவளை எடுத்து வளர்த்தவர்களுக்குக் கதையில் இடம் உண்டா? தன் கோபம் பறித்ததை நாயகன் திருப்பிக் கொடுக்கிறானா, அதற்காகத் திட்டு வாங்குகிறானா? இவற்றுக்குப் பதில் சொல்லும் நாவலில் ஓநாய் வந்தாலும் சிறுத்தை வந்தாலும், காயம் ஆறும் என்ற அதன் வாக்கை நம்பலாம்.